ஸ்டீபன்வில் பக்கத்தில் ஒரு பண்ணை: எங்கள் மல்லியை பேரல் ரேசிங்குக்குப் பழக்கிய இடம்

டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் குதிரை வைத்திருக்கும் நம்மவர்கள் சிலர், பேரல் ரேசிங் (முக்கோணமாக வைத்த மூன்று பீப்பாய்களைக் குதிரையில் வேகமாகச் சுற்றி வரும் பந்தயம்) பழக்க நல்ல இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மகளுக்காக வாங்கிய செவலைக் குதிரை மல்லியை ஸ்டீபன்வில்லுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் விட்டுத்தான் பழக்கினோம். அதை நடத்தும் அம்மா தன் பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நேரில் கேட்பவர்களுக்கு எண் தருகிறேன். மாதம் 1,200 டாலர், தீவனம் சேர்த்து. கொடுத்த காசுக்கு மேலேயே வேலை நடந்தது. ஆனால் சீக்கிரம் ரேஸுக்குத் தயாராக வேண்டும் என்று அவசரப்படுகிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது.

இங்கே வருவதற்கு முன் மல்லி வேறோர் இடத்தில் இருந்தாள். அங்கே தினமும் மூன்று பேரலையும் முழு வேகத்தில் சுற்ற வைத்தார்கள். கடைசியில் அரங்கின் வாசலைக் கண்டாலே முரண்டு பிடிக்க ஆரம்பித்தாள். பின்னால் போவாள், முன்னங்காலைத் தூக்குவாள், வியர்த்துக் கொட்டும். இந்த அம்மா அவளை ஓட்டவே இல்லை. முதலில் டாக்டரை வரவழைத்து வயிற்றுப்புண், கால்வலி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அப்புறம் தினமும் வாசல் வழியாக நடத்திக் கூட்டிப்போய், நடுவில் நிறுத்தி, லகானைத் தளர்த்திவிட்டு, சேணத்தை அங்கேயே அவிழ்த்து வெளியே கொண்டுவந்துவிடுவார். அரங்குக்குள் போனால் ஓட்டம்தான் என்று மல்லி மனதில் பதிந்திருந்ததை அழிக்க அது ஒன்றுதான் வழி என்றார். முதல் மாதம் முழுக்க நடை, ட்ராட் (மெதுவான ஓட்டநடை), நிற்பது, வட்டம் போடுவது, பின்னால் போவது, அவ்வளவுதான். என் கணவர் புலம்பினார். எனக்கு அந்தப் பொறுமை பிடித்திருந்தது.

அரங்கு சரியான அளவில் இருக்கிறது. முதல் இரண்டு பேரலுக்கு நடுவே 90 அடி, அங்கிருந்து மூன்றாவதுக்கு 105 அடி, நேரம் கணக்கிடும் கோட்டிலிருந்து முதல் இரண்டு பேரல் இருக்கும் வரிசைக்கு 60 அடி. சின்ன இடத்தில் பேரலை நெருக்கிப் போட்டுப் பழக்கினால், நீளமான ஓட்டத்தில் வேகமெடுத்து வந்து திரும்புவதற்கு முன் தணிவது குதிரைக்குப் பழகாது. ஒரு பேரல் சாய்ந்தால் 5 வினாடி கூட்டிவிடுவார்கள். நூறில் ஒரு பங்கு வினாடியில் பரிசு கைமாறும் பந்தயத்தில் அதற்குப் பிறகு ஒன்றும் மிஞ்சாது.

குதிரையோடு மகளுக்கும் சேர்த்துத்தான் பாடம். இந்த இடத்தை நான் பரிந்துரைக்க முக்கியக் காரணமே அதுதான். அவள் பேரலையே பார்த்துக்கொண்டு வருவாள், மல்லியும் நேராக அதன் மேலேயே சாய்வாள். அந்த அம்மா மண்ணில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு இழுத்தார். பேரலுக்குச் சற்று முன்னால், ஓர் ஓரமாக. "இங்க வந்ததும் சீட்ல ஆழமா உக்காரு. உன் கால் பேரலத் தாண்டற வரைக்கும் திருப்பாத" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஓயாமல் சொல்வார். உட்காரும் விதத்திலேயே குதிரை வேகத்தைக் குறைக்க வேண்டும், கையால் இழுத்து அல்ல. ஒரு கை உள்பக்க லகானில், இன்னொரு கை சேணத்தின் கொம்பில். மகளுக்கு இது பிடிபட்ட நாளில் மல்லி பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் மடக்கி, மண்ணை வாரி இறைத்துக்கொண்டு திரும்பியதைப் பார்த்து நான் வேலிக்கு வெளியே கத்தியேவிட்டேன்.

அங்கே பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு சார்மெய்ன் ஜேம்ஸ் என்ற பேரல் ரேசிங் வீராங்கனையின் கதையை அந்த அம்மா சொல்கிறார். 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து முறை உலகச் சாம்பியன், எல்லாம் ஸ்கேம்பர் என்ற ஒரே குதிரையில். 1985 தேசிய இறுதிப் போட்டியில் ஒரு சுற்றில் கடிவாளம் கழன்றுவிட்டது. ஸ்கேம்பர் ஓட்டத்தை முடித்து அந்தச் சுற்றை ஜெயித்தே வந்தது. இப்படித் தானாகவே தெரிந்து ஓடும் அளவுக்கு மெதுவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது இவர் கொள்கை.

போல் பெண்டிங் என்ற கம்பு சுற்றும் பந்தயத்தையும் கற்றுத்தருகிறார், தனிக் கட்டணம் கிடையாது. 21 அடிக்கு ஒன்றாக ஆறு கம்பு. கடைசிக் கம்பு வரை நேராக ஓடி, திரும்பி, வளைந்து வளைந்து வந்து, மறுபடி அப்படியே வளைந்து போய், நேராக வீடு சேர வேண்டும். ஒவ்வொரு கம்புக்கும் முன்னங்கால் மாற்றி வைக்கத் தெரியாத குதிரை தடுமாறும். முதலில் கம்புகளை ஒன்றுவிட்டு ஒன்று இரண்டு பக்கமும் தள்ளி நட்டு, இடைவெளியைத் தாராளமாக விட்டுப் பழக்கினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தார். நல்ல முறைதான். ஆனால் பேரலுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதி கூட இதற்குக் கொடுப்பதில்லை. மல்லி இன்னும் கடைசிக் கம்பில் அகலமாகத்தான் திரும்புகிறாள். போல்தான் முக்கியம் என்றால் வேறு ஆள் பாருங்கள்.

இன்னொரு குறை, அரங்குக்குக் கூரை இல்லை. மழை பெய்தால் மண் காயும் வரை ஓட்ட மாட்டார். குதிரை வழுக்கிக் காலை முறித்துக்கொள்வதைவிட அது நல்லதுதான். ஆனால் மழையில் போன நாட்களுக்குக் கட்டணம் குறைப்பதில்லை, அது எனக்கு நியாயமாகப் படவில்லை. போனையும் பெரும்பாலும் எடுக்க மாட்டார். மெசேஜ் அனுப்பினால் இரவு பதில் வரும்.

மல்லி இப்போது வாசலில் நிற்பதில்லை, காதை முன்னால் நீட்டிக்கொண்டு போகிறாள். உள்ளூர்ப் பந்தயங்களில் மிக வேகமான நேரத்துக்கு ஒரு வினாடி பின்தங்கியவர்களுக்கான மூன்றாவது பிரிவில் மகள் பணமும் வாங்கிவிட்டாள்.

அனுப்புவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், லாயத்தில் இடம் குறைவு. காகின்ஸ் ரத்தப் பரிசோதனை (குதிரைக்கு வரும் தொற்று ரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பது) செய்த காகிதம் கையில் இல்லாமல் ட்ரெய்லரை உள்ளே விட மாட்டார். உங்கள் குதிரைக்குப் பழக்கமான கடிவாளத்தையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.