பிரெஸ்ட் இம்ப்ளாண்ட் பேக்கேஜ் எடுக்கப் போறீங்களா? ராத்திரி ஃபோனை யார் எடுப்பாங்கன்னு மொதல்ல கேளுங்க

மார்பகத்துக்குள்ள இம்ப்ளாண்ட் வெக்கிற ஆபரேஷன் பண்ணலாமா வேணாமான்னு சொல்றதுக்கு இந்தப் பதிவு இல்ல. அது அவங்கவங்க உடம்பு, அவங்கவங்க இஷ்டம். ரெண்டு புள்ள பெத்து பால் குடுத்து முடிச்சப்புறம் எனக்கு வேணும்னு தோணுச்சு, பண்ணிக்கிட்டேன், அதுக்கு யாருக்கும் விளக்கம் குடுக்கப் போறதில்ல. நான் சொல்ல வந்தது அதுக்கப்புறம் நடந்ததப் பத்தி. "ஒரு வருஷம் ஆஃப்டர்கேர் ஃப்ரீ, 24 மணி நேரமும் வாட்ஸ்அப் சப்போர்ட்"னு சொல்லி பேக்கேஜ் வித்தாங்க பாருங்க, அந்த ஆஃப்டர்கேர், அதாவது ஆபரேஷனுக்கு அப்புறம் பாத்துக்கறது.

இங்க சிங்கப்பூர்ல இருக்கற ஒரு கிளினிக்தான். பேர் போடல, காரணத்த கடைசில சொல்றேன்.

கன்சல்டேஷன்ல டாக்டர் பேசினது கொஞ்ச நேரம்தான், மிச்ச நேரம் பூரா ஒரு கோஆர்டினேட்டர் பொண்ணுதான் பேசிச்சு. ரொம்ப அன்பா, டியர் டியர்னு. சைனீஸ் நியூ இயருக்கு முன்னாடி ஸ்லாட் காலியா இருக்கு, இப்ப புக் பண்ணா விலை குறைச்சுத் தர்றோம்னு சொல்லிச்சு. பத்தாயிரம் வெள்ளிக்கு மேல போற விஷயம், அழகுக்காகப் பண்றதுக்கு மெடிசேவும் (மருத்துவச் செலவுக்குன்னு நம்ம சம்பளத்துலேர்ந்து சேர்ற சேமிப்பு) தொட முடியாது. (கேன்சருக்காக மார்பகத்த எடுத்துட்டு அதைத் திருப்பி சீரமைக்கிறவங்க கணக்கு வேற, அவங்களுக்கு மெடிசேவ் உண்டு.) சொன்ன விலைல ஜிஎஸ்டி 9 சதவீதம் சேரலன்னு பில்லு வந்தப்பதான் தெரிஞ்சுது. சரி, அதையும் கட்டியாச்சு.

காலைல போயி சாயங்காலம் டிஸ்சார்ஜ். கைல குடுத்தது ஒரே ஒரு பேப்பர், அதுவும் ஜெராக்ஸ் எடுத்து எடுத்து எழுத்து மங்கிப்போனது. "ரெஸ்ட் வெல், அவாய்ட் ஹெவி திங்ஸ்", அவ்ளோதான் அதுல. ஹெவின்னா எவ்ளோ? ஃபேர்பிரைஸ்ல வாங்குற அஞ்சு கிலோ அரிசி மூட்டையா, இல்ல தூக்கு தூக்குன்னு கால கட்டிக்கிற என் சின்னவனா? எனக்கு இதெல்லாம் வெளக்கிச் சொன்னது கிளினிக் இல்ல, என் நாத்தனார். அவ ஸ்டாஃப் நர்ஸ். மல்லாந்துதான் படுக்கணும், தலைக்கும் முதுகுக்கும் தலகாணி அண்டக் குடுத்து கொஞ்சம் ஒசத்தி. கைய தோளுக்கு மேல தூக்கக்கூடாது, அதனால மேல் ஷெல்ஃபுல இருக்கற மிளகாத்தூள் டப்பாவ கீழ எடுத்து வெச்சுடணும். கம்பி வெச்ச ப்ரா கூடாது, சர்ஜிக்கல் ப்ராதான். புள்ளைய தூக்கக்கூடாது, நம்ம உக்காந்துக்கிட்டு அவன மடிக்கு வரச்சொல்லணும். டாக்டர் சொல்லாம மசாஜ் பண்ணக்கூடாது, காயம் ஆறாம ஸ்விம்மிங் கூடாது. இதெல்லாம் எத்தன வாரம்ங்கறது ஆளுக்கு ஆள், ஆபரேஷனுக்கு ஆபரேஷன் மாறும், அதனாலதான் ஆபரேஷன் பண்ணவங்க எழுதித் தரணும்னு அவ சொன்னா.

எங்கம்மா பாட்டுக்கு தேக்கா மார்க்கெட்டுல விரால் மீன் வாங்கி சூப் வெச்சாங்க, காயம் சீக்கிரம் ஆறும்னு. அதுல ஒண்ணும் கெடுதல் இல்ல, குடிச்சேன். ஆனா நான் தெனமும் போட்டுட்டு இருந்த ஃபிஷ் ஆயில், வைட்டமின் ஈ மாத்திரையப் பத்தி ஆபரேஷனுக்கு முன்னாடி கிளினிக்ல ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. ரத்தக்கசிவ அதிகமாக்கலாம்னு அத முன்கூட்டியே நிறுத்தச் சொல்ற சர்ஜன்கள் நிறைய பேரு. ஆஸ்பிரின், ஜிங்கோங்கற மூலிகை மாத்திரை கூட அப்படித்தான். உங்ககிட்ட கேக்கலன்னா நீங்களே சொல்லிடுங்க.

இனிமே முக்கியமான கட்டம். சைனீஸ் நியூ இயர் லீவு. இடது பக்கம் மட்டும் வீங்க ஆரம்பிச்சுது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கினா நான் பயந்திருக்க மாட்டேன். மத்தியானம் மாட்டின ப்ரா கொக்கி சாயங்காலம் எட்டல, தோலு தவில் தோல் மாதிரி இறுகி பளபளன்னு இருக்கு, அக்குள் பக்கமா ஒரு கருநீலம் பரவிட்டே வருது, வலி மாத்திரை போட்டும் கேக்கல. ஃபோட்டோ எடுத்து அந்த 24 மணி நேர வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் கழிச்சு பதில் வந்துச்சு: "டோன்ட் வொரி டியர், ஸ்வெல்லிங் இஸ் நார்மல், எவ்ரிபடி ஹீல் டிஃபரென்ட்லி", கூடவே ஆரஞ்சுப் பழம் ஆடுற ஸ்டிக்கர் ஒண்ணு. ஒரு பக்கம்தான் வீங்குதுன்னு மறுபடி எழுதினேன். "ஐஸ் பேக் வைங்க டியர்". ஆபரேஷன் பண்ண எடத்துல தோலு மரத்துப் போயிருக்கும், சூடும் குளிரும் தெரியாது, ஐஸ நேரடியா வெச்சா தோல் பொசுங்குறது கூட தெரியாதுன்னு நாத்தனார் முன்னாடியே சொல்லியிருந்ததால நல்லவேளை வெக்கல. டாக்டர்கிட்ட பேசணும்னேன். டாக்டர் ஓவர்சீஸ்ல இருக்காராம். அப்ப அவருக்குப் பதிலா யாருன்னு கேட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, பதில் வரல.

டாக்டர் லீவு எடுக்கட்டும், பண்டிகைக்கு ஊருக்குப் போகட்டும், மனுஷங்கதானே. ஆனா கத்தி வெச்ச ஆளு ஊர்ல இல்லன்னா பேஷண்ட்ட பாக்க இன்னொரு டாக்டர நிறுத்திட்டுத்தானே போகணும்? அந்த வாரம் ஆபரேஷன் வெச்சா லீவுல மாட்டும்னு ஸ்லாட் வித்தவங்களுக்குத் தெரியாதா?

நாத்தனார் டூட்டி முடிஞ்சு நேரா வந்தா. பாத்த ஒடனே "அண்ணி, இது சரியில்ல, கெளம்புங்க"ன்னா. கிராப் டாக்ஸி புடிச்சு அரசாங்க ஆஸ்பத்திரி ஏ அண்ட் இ-க்கு, அதான் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, போனோம். உள்ள ரத்தம் கசிஞ்சு கட்டிக்கிட்டு இருக்கு, ஹீமட்டோமான்னாங்க. அன்னிக்கு ராத்திரியே ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்துட்டுப் போயி, ரத்தத்த எடுத்து, கசிஞ்ச எடத்த அடைச்சு, இம்ப்ளாண்ட்ட கழுவி திருப்பி வெச்சாங்க. இம்ப்ளாண்ட் வெக்கிறதுல ஹீமட்டோமா வரக்கூடிய விஷயம்தான், அதுக்காக அந்த சர்ஜன் மேல பழி போடல. வந்தா பாத்துக்க யாருமே இல்லாம வெச்சாங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதிவு.

அந்த மாதிரி ஒரு பக்கம் திடீர்னு வீங்குறது, வலி நாளுக்கு நாள் கூடுறது, செவந்து சூடா இருக்கறது, 38 டிகிரிக்கு மேல காய்ச்சல், சீழ், தையல் பிரியறது, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா வாட்ஸ்அப்புல பதில் வரட்டும்னு உக்காராதீங்க, டாக்டர நேர்ல பாருங்க. மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, ஒரு கால் மட்டும் வீங்குதுன்னா ஆம்புலன்ஸுக்கு 995 கூப்பிடுங்க, கால்ல ரத்தக்கட்டு இருக்கலாம், இல்ல அது நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

ஏ அண்ட் இ-ல இருந்த டாக்டர் கேட்ட இன்னொரு கேள்விக்கு என்கிட்ட பதிலே இல்ல. என்ன பிராண்ட், என்ன மாடல், கார்டு இருக்கா? இம்ப்ளாண்ட் கார்டுன்னு ஒண்ணு தரணும், அதுல கம்பெனி பேரு, மாடல், சைஸு, சீரியல் நம்பர் எல்லாம் இருக்கும். எனக்குத் தரவே இல்ல. அது வெறும் கார்டுதானேன்னு நெனைக்காதீங்க. 2010-ல பிரான்ஸ்ல பிஐபி கம்பெனி மெடிக்கல் தரம் இல்லாத சிலிக்கான போட்டு இம்ப்ளாண்ட் வித்தது வெளிய வந்துச்சு. 2019-ல அலர்கன் கம்பெனியோட பயோசெல், மேல சொரசொரப்பா இருக்கற வகை, அத ஒலகம் பூரா திரும்ப வாங்கினாங்க, பிஐஏ-ஏஎல்சிஎல்னு ஒரு அபூர்வமான லிம்ஃபோமா (நிணநீர் மண்டலத்துல வர்ற) கேன்சரோட தொடர்பு இருந்ததால. நாளைக்கு இன்னொண்ணு அப்படி வந்தா உங்களுக்குள்ள இருக்கறது அதுவா இல்லையான்னு கார்டு இல்லாம எப்படித் தெரியும்? அதோட சிலிக்கான் ஜெல் இம்ப்ளாண்ட் உள்ளுக்குள்ள கிழிஞ்சாலும் வெளிய ஒண்ணும் தெரியாமலே இருக்கலாம். அதனால மருந்து, மருத்துவச் சாதனங்கள கண்காணிக்கிற அமெரிக்க எஃப்டிஏ மொத ஸ்கேன் அஞ்சாறு வருஷத்துல, அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதடவ எடுக்கச் சொல்லுது, அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ. இந்தச் செலவெல்லாம் என் பேக்கேஜ்ல இல்ல. ஒரு வருஷ ஆஃப்டர்கேர்னு சொல்றப்ப இதைப் பத்தி என்கிட்ட ஒருத்தர் வாய் தொறக்கல.

லீவு முடிஞ்சு கிளினிக்குக்குப் போனேன். வாட்ஸ்அப்புல எனக்கு பதில் போட்டது நர்ஸ் இல்ல, எனக்கு பேக்கேஜ் வித்த அதே கோஆர்டினேட்டர் பொண்ணு. நார்மல் நார்மல்னு சொன்னது சேல்ஸ் பாக்கறவங்க! அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் கூட வரல, அத அந்த நாற்காலில உக்கார வெச்சவங்க மேலதான். அன்னிக்கு டிரெஸ்ஸிங் மாத்தினதுக்குத் தனியா பில் போட்டாங்க. ஃப்ரீன்னு சொன்னீங்களேன்னா, ரிவ்யூ ஃப்ரீ, டிரெஸ்ஸிங் மெட்டீரியல் ஃப்ரீ இல்லையாம். பேக்கேஜ் பேப்பர தேடி எடுத்துப் பாத்தா "ஃபாலோ அப் பை கிளினிக் டீம்"னு இருக்கு. டீம்ங்கற வார்த்தைல யார வேணா உக்கார வெக்கலாம் போல.

பணம் கட்டறதுக்கு முன்னாடி இதெல்லாம் கேட்டு எழுத்துல வாங்குங்க. ராத்திரி ஃபோன எடுக்கறது டாக்டரா நர்ஸா, டாக்டர் இல்லாதப்ப அவருக்குப் பதிலா யாரு, அவசரம்னா எந்த ஆஸ்பத்திரி, மறு ஆபரேஷன் வந்தா காசு யாரோடது, கார்டு எப்ப கைக்கு வரும். நீண்ட லீவுக்கு முந்தின வாரம் தேதி குடுத்தா மாத்தச் சொல்லுங்க, விலை குறைச்சாலும். டாக்டர் பேர சிங்கப்பூர் மெடிக்கல் கவுன்சில் வெப்சைட்ல போட்டுப் பாருங்க, பிளாஸ்டிக் சர்ஜரி ஸ்பெஷலிஸ்ட்டுன்னு பதிவு இருக்கான்னு. "ஏஸ்தெடிக் டாக்டர்"ங்கறது ஸ்பெஷலிஸ்ட் பட்டம் இல்ல.

டாக்டர் மேல புகார்னா மெடிக்கல் கவுன்சில், ஆனா சும்மா ஈமெயில் போதாது, ஸ்டாட்யூட்டரி டிக்ளரேஷன், அதாவது சட்டப்படி உறுதிமொழி குடுத்து எழுதற வாக்குமூலம், வேணும். கிளினிக் நடத்துற விதம்னா சுகாதார அமைச்சு. காசு விஷயம்னா பயனீட்டாளர் சங்கம் (CASE), இல்ல சின்னத் தொகை வழக்குகள விசாரிக்கிற ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல், 20,000 வெள்ளி வரைக்கும், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் தேவையில்ல, வெச்சுக்கவும் முடியாது. வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. எனக்குக் கைகுடுக்கறது இப்ப அந்த ஆரஞ்சுப் பழ ஸ்டிக்கர் வந்த நேரம்தான்.

போன வாரம் கிளினிக்ல இருந்து ஃபோன். "குட்வில்"லா கொஞ்சம் பணம் திருப்பித் தர்றாங்களாம், பதிலுக்கு எங்கயும் எதுவும் எழுத மாட்டேன்னு ஒரு ஃபார்ம்ல கையெழுத்து போடணுமாம். போடல. பயனீட்டாளர் சங்கத்துல புகார் குடுத்தாச்சு, அது முடியற வரைக்கும் பேர வெளிய சொல்லப் போறதில்ல, அதனால இன்பாக்ஸ்ல வந்து கேக்காதீங்க. கார்டு இன்னும் வரல, கேட்டா சப்ளையர்கிட்ட இருந்து வரணும்ங்கறாங்க.