நினைவுக் கச்சேரியா, ஒலிக் காப்பகமா?

பெரிய இசைக்கலைஞர் மறைந்ததும் குடும்பமும் ரசிகர்களும் குழம்புவது இங்கேதான்: இருக்கும் பணத்தைக் கச்சேரிக்குப் போடுவதா, அவர் விட்டுப்போன பதிவுகளைக் காப்பாற்றப் போடுவதா?

செலவு: கச்சேரிக்கு ஒரே தடவை, டிக்கெட்டில் கொஞ்சம் திரும்பியும் வரும். காப்பகத்துக்கு வருஷா வருஷம்.

வேகம்: குவீன் ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி இறந்தது 1991 நவம்பரில், 1992 ஏப்ரலிலேயே லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் நினைவுக் கச்சேரி. அதன் வருமானத்தில் எய்ட்ஸுக்கு எதிரான அறக்கட்டளையும் பிறந்தது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் மறைந்தது 1971இல். அவர் வீடு அருங்காட்சியகமாகத் திறந்தது 2003இல்தான்!

ஆயுள்: இதில் காப்பகத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆம்ஸ்ட்ராங் வீட்டிலேயே பதிவு செய்த நூற்றுக்கணக்கான டேப்புகள் இன்றும் இருக்கின்றன. படங்களை வெட்டி அந்த டேப் பெட்டிகளின் மேல் அவரே ஒட்டியிருக்கிறார். நண்பர்களோடு அடித்த அரட்டையும் அவற்றில் கேட்கும். எந்த அஞ்சலி மேடையிலும் இது கிடைக்காது. ஆனால் பழைய டேப் நமக்காகக் காத்திருக்காது. பிசுபிசுக்கும், உதிரும், ஓட்டும் மெஷினும் அரிதாகிவிட்டது.

பதிவுகள் ஏற்கெனவே பத்திரமாக இருந்தால், அல்லது நல்ல காரியத்துக்கு நிதி வேண்டுமென்றால், கச்சேரியே சரி. அலமாரியில் டேப்பும் கைப்பட எழுதிய நோட்டும் குவிந்து கிடந்தால் முதலில் காப்பகம். கச்சேரியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.