ஓபோ வாசிப்பவருக்கு எது சரி: ஆர்கெஸ்ட்ரா வேலையா, ஃப்ரீலான்ஸா?

ஓபோ, வாயால் ஊதி வாசிக்கும் மேற்கத்திய மரக்குழல் கருவி. இசைப் படிப்பை முடித்த ஓபோக்காரர்கள் பலர் குழம்பி நிற்கும் இடம் இது.

நுழைவது: ஒரு ஆர்கெஸ்ட்ராவில் ஓபோவுக்கு மூன்று நான்கு நாற்காலி இருந்தாலே அதிகம், யாராவது விலகினால்தான் வழி பிறக்கும். அப்புறம் தேர்வில், நடுவர்கள் ஆளைப் பார்க்காதபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மொஸார்ட்டின் ஓபோ கான்செர்ட்டோ (தனிக் கருவியும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு), பிராம்ஸ் வயலின் கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியில் வரும் அந்த நீண்ட தனி வாசிப்பு எல்லாம் பிசிறில்லாமல் வர வேண்டும். ஃப்ரீலான்ஸில் அந்தத் தேர்வு இல்லை. ஆனால் ஒரு கச்சேரி சொதப்பினால் அடுத்த அழைப்பும் இல்லை.

வருமானம்: ஆர்கெஸ்ட்ராவில் மாதச் சம்பளம். ஃப்ரீலான்ஸில் ஈஸ்டர் நேரத்தில் பாக் என்ற இசையமைப்பாளரின் தேவாலய இசையை வாசிக்க ஆள் தேடுவார்கள், மற்ற நாளில் போன் அடிக்காது.

கருவி: ஃப்ரீலான்ஸுக்கு இங்கிலிஷ் ஹார்னும் வேண்டும், பாக் என்றால் ஓபோ டமோரும் கேட்பார்கள்; இரண்டுமே ஓபோவைவிடத் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் அதே குடும்பக் கருவிகள். பெரும்பாலும் சொந்தக் காசுதான்.

ரீட் (ஊதும் இடத்தில் செருகும் நாணல் துண்டு): இருவருக்கும் தலைவலி. நாணலை உலோகக் குழாயில் நூலால் கட்டி, நுனியில் ஒளி ஊடுருவும்வரை கத்தியால் சுரண்டி எடுத்தது சில நாளில் உயிரை விட்டுவிடும். ஆர்கெஸ்ட்ராக்காரர் ஒரே அரங்குக்குச் செதுக்கினால் போதும், மற்றவருக்கு இன்று சுருதி 440 ஹெர்ட்ஸ், நாளை 442, பெட்டி நிறைய வகை வகையாக வேண்டும்.

ஓபோ கொடுக்கும் சுரத்துக்குச் சுருதி சேர்க்க மொத்த ஆர்கெஸ்ட்ராவும் காத்திருக்கும்போது கை நடுங்காதவர், வாரத் திட்டம் பிடித்தவர், குடும்பச் செலவு உள்ளவர் ஆர்கெஸ்ட்ராவுக்கு முயலலாம். பரோக் (பாக் காலத்து இசை), சேம்பர் இசை (சிறு குழு வாசிப்பு), பாடம் நடத்துவது என்று கலந்து செய்ய ஆசை, கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது என்றால் ஃப்ரீலான்ஸ்.