கல்லில் எது நிற்கும்? வீவக நடைவழிக்கான சிறு பெரணிகள்

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காற்றிலும் எப்போதும் ஈரம். அப்படியானால் எந்தப் பெரணியும் இங்கே செழிக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கல்லில் வாழும் சிறு பெரணிகளை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு நடைவழியில் வளர்க்கத் தொடங்கிய பிறகே அது அவ்வளவு எளிதல்ல என்று தெரிந்தது.

பாறையில் மண் இல்லை. மழை விட்ட சற்று நேரத்தில் தண்ணீர் வழிந்து போய்விடும், அப்புறம் வெயில். நம் ஊரில் நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்பார்கள், அதாவது காய விடவும் வேண்டும், தண்ணீர் பாய்ச்சவும் வேண்டும். பாறைப் பெரணிக்கும் அதேதான் வேண்டும். காய்ச்சலை எந்தச் செடி எப்படித் தாங்குகிறது என்பதை வைத்தே இங்கே கிடைப்பவற்றை ஒப்பிடுகிறேன்.

என் முதல் தேர்வு டிராகன் செதில் பெரணி. இதைப் பார்க்காத சிங்கப்பூர்வாசி இருக்க முடியாது. சாலையோரத் தூங்குமூஞ்சி மரக் கிளைகளில் நாணயம் நாணயமாக ஒட்டிக்கொண்டு படர்ந்திருக்குமே, அதுதான். பாறையிலும் வரும். மலாய் மொழியில் ‘சிசேக் நாகா’, அதாவது டிராகனின் செதில். உருண்டையான, தடித்த இலைகள் தண்ணீரைச் சேமிக்கின்றன. நீண்டு ஒல்லியாக எழும் இலைகள் வேறு வகை: அவற்றின் ஓரத்தில்தான் வித்துத்தூள், அதாவது பெரணிகள் விதைக்குப் பதிலாகப் பரப்பும் தூள், உண்டாகும். இதன் உண்மையான திறமை இரவில்தான் தெரியும். அன்னாசியைப் போல, இருட்டில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக்கி வைத்துக்கொள்கிறது. பகல் வெயிலில் துளைகளைப் பெரும்பாலும் மூடிக்கொண்டு, சேர்த்து வைத்ததைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. பெரணி இனத்தில் இந்தத் திறமை மிக அரிது. நான்கு நாள் ஊரில் இல்லாவிட்டாலும் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இதற்கு நேர் போட்டி இதயப் பெரணி. இந்தியா, இலங்கை முதல் தென்கிழக்காசியா வரை இதன் சொந்த இடம்தான். கறுத்த, பளபளப்பான காம்பின் மேல் இதய வடிவ இலை. வித்து தரும் இலைகள் உயரமான காம்பில் அம்பு முனை போல நிற்கும். அவற்றைத் திருப்பிப் பார்த்தால், நரம்புகளின் வழியே வித்துகள் பழுப்பு வலையாகப் படர்ந்திருக்கும். எனக்குத் தெரிந்து இந்தக் கூட்டத்தில் மிக அழகான காட்சி அதுதான். காய்ச்சல் வந்தால் இது சேமிப்பை நம்புவதில்லை. இலை சுருண்டு, செத்தது போலாகி, தண்ணீர் கிடைத்ததும் விரிகிறது. ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் வாட விடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தொட்டியில் வளர்ந்து பழகிய செடியை அடிக்கடி வாட்டினால் இலைகள் ஓரத்திலிருந்து கருகுகின்றன.

கடைகளில் எளிதாகக் கிடைப்பது மெய்டன்ஹேர் பெரணி. அருவியோரப் பாறையில் வளரும் வகைகள் உண்டு என்பதால் பலர் அதைக் கல்லில் கட்டுகிறார்கள். அந்தப் பாறை எந்நேரமும் நனைந்த பாறை. நம் நடைவழியில் ஒரு மதியம் முழுக்கக் காய்ந்தால் இலைகள் நொறுங்கிவிடும், அவை திரும்ப விரியாது. கல்லுக்கு இது வேண்டாம்.

குளிர்நாட்டுச் சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் ஒரு சிறு பெரணியை ஆசையாக வாங்கி, ஆறு வாரத்தில் இழந்தேன். எங்கள் வீட்டில் இரவிலும் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. தண்டின் நடுப்பகுதியே அழுகிவிட்டது.

சுவர்களில் தானாக முளைக்கும் வெள்ளிப் பெரணியையும் சொல்ல வேண்டும். இலையின் அடியில் வெள்ளை மாவு இருக்கும். கையில் அழுத்தி எடுத்தால் இலையின் படம் அப்படியே பதியும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல செடி இல்லை. ஆனால் சீக்கிரம் பெரிதாகிவிடும், சின்னக் கல் போதாது.

சரி, எந்தக் கல்? புக்கிட் தீமாவும் உபின் தீவும் கருங்கல் நிலம்தான், ஆனால் வழவழப்பான கருங்கல் துண்டில் வேர் பிடிக்க நாளாகும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் லாவா கல் என்றால் துளைகளில் ஈரம் நிற்கும், காற்றும் போகும். டிராகன் செதிலை நைலான் நூலால் நேரே கல்லில் கட்டிவிடலாம். தண்டை எதிலும் புதைக்கக் கூடாது. இதயப் பெரணிக்கு மட்டும் கல்லின் குழியில் கொஞ்சம் பாசியும் பொடிக்கல்லும் வைத்து, அதில் வேரை இறக்க வேண்டும். இரண்டிலும் கல்லுக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்காதீர்கள். அழுகலும் வரும், ஏடிஸ் கொசுவும் வரும்.

பூங்கா மரத்திலிருந்து உரித்து எடுப்பது சட்டப்படி தவறு, நர்சரியில் வாங்குங்கள்.

வெயில் அடிக்கும் நடைவழி, அடிக்கடி வெளியூர் போகும் ஆள் என்றால் டிராகன் செதில். நிழலான ஜன்னலோரம், தினமும் செடியைக் கிட்டப் போய்ப் பார்க்கும் ஆள் என்றால் இதயப் பெரணி. நான் இரண்டாவது ரகம். போன வாரம் அதன் ஓர் இலையும் காம்பும் சேரும் இடத்தில் குட்டிச் செடி ஒன்று முளைத்திருக்கிறது. அதற்காக இன்னொரு லாவா கல்லைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.