அம்மாவின் முதுகுவலியைக் கேட்டுக்கொண்டே 1,850 வெள்ளியைப் பறித்துக்கொண்டார்கள்: பிக்கப் வைத்திருப்பவர்கள் கவனம்

இன்று மாலைதான் என் பிக்கப்பின் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. 1,850 வெள்ளி (ரிங்கிட்). மூன்று வாரத்துக்கு முன்னால் எண்ணிக் கொடுத்த பணம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டும் குத்தகை வேலை செய்கிறவனுக்கு 1,850 வெள்ளி என்றால் என்ன என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதுவரை பெயர் வேண்டாம் என்று மச்சான் சொல்லிவிட்டார். ஸ்பிரிங்கும், குதிப்பை அடக்கும் அப்சார்பரும் பார்க்கிற வொர்க்‌ஷாப், பெரிய சாலை ஓரம், கைப்பேசியில் வீடியோ போட்டு ஆள் பிடிக்கிற கடை. அவ்வளவு போதும். லீஃப் ஸ்பிரிங், அதாவது பின் அச்சின் மேல் வண்டியைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டைகள், மாற்றுகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

ஏன் மாற்றப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வயது 71. முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் முதுகெலும்பில் ஒரு எலும்பு நசுங்கிவிட்டது. மாதா மாதம் ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். வீட்டில் இருக்கிற ஒரே வண்டி பழைய டபுள் கேப் பிக்கப். வீட்டிலிருந்து தார் சாலைக்கு வர நாலு கிலோமீட்டர் செம்மண் பாதை. ஆலைக்குக் குலை ஏற்றிப் போகும் லோரிகள் அதில் பள்ளம் பள்ளமாகத் தோண்டி வைத்திருக்கின்றன. பிக்கப்பின் பின்பக்கம் பாரம் சுமக்கச் செய்தது. வெறும் வண்டியாக ஓடினால் அந்தப் பட்டைகள் அசைந்து கொடுக்காது, குழியில் இறங்கும்போதெல்லாம் தூக்கித் தூக்கிப் போடும். அம்மா மேலே இருக்கிற பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி வருவார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வீடியோவில் டேஷ்போர்டு மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு மேடு பள்ளத்தில் ஓட்டிக் காட்டினார்கள். தண்ணீர் சிந்தவே இல்லை. 'காரைப் போல் மெத்தென்று ஓடும் பட்டை' என்று எழுதியிருந்தது. நான் குரல் பதிவு அனுப்பினேன். "அண்ணே, வண்டி பெரும்பாலும் காலியாகத்தான் ஓடும், அம்மாவுக்கு முதுகில் அடி, குலுக்காமல் இருந்தால் போதும்" என்று சொன்னேன். அந்தப் பதிவு இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் அம்மாவோடுதான் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். சுவரில் முருகன் படம், ஊதுபத்தி, எல்லாம் பார்க்க நல்லபடியாக இருந்தது. அம்மா வண்டியை விட்டு இறங்கச் சிரமப்படுவதைப் பார்த்ததும் அவரே ஓடி வந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பையனை அனுப்பி மைலோ வாங்கி வரச் சொன்னார். "எங்கம்மாவும் தோட்டத்துல பால் வெட்டினவங்கதான் அண்ணே" என்றார். பிறகு அம்மா பக்கம் குனிந்து, "கவலப்படாதீங்கம்மா, அடுத்த மாசம் நீங்க தூங்கிக்கிட்டே ஈப்போ போவீங்க" என்றார். அம்மா சிரித்தார். விழுந்ததற்குப் பிறகு வெளி ஆள் முன்னால் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. பட்டை எந்த நாட்டுச் சாமான், எத்தனை மில்லி தடிமன், எத்தனை கிலோ பாரத்துக்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. அம்மா சிரித்ததைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். 1,850 வெள்ளி, கூலியோடு. ரசீதில் 'ஸ்பிரிங் ஒரு செட்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் வண்டியை விட்டு, சாயங்காலம் எடுத்தேன். எடுத்ததுமே தெரிந்தது, பின்பக்கம் இரண்டு அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றது. ஏன் என்று கேட்டேன். "புதுசு இல்லையா, படியும்" என்றார். செம்மண் பாதையில் முதல் குழியிலேயே என் தலை கூரையில் இடித்தது. அந்த மாதம் அம்மாவை இன்னொரு தடவை எலும்புப் படம் எடுக்கக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. முதலில் ஏறவே முடியவில்லை, முக்காலி வைத்து ஏற்றினேன். பாதி வழியில் "நிறுத்துப்பா, கொஞ்சம் நிறுத்து" என்றார். ஒரு வார்த்தை சொல்லாதவர் சொன்னார். செம்பனை நிழலில் வண்டியை நிறுத்திக் கால் மணி நேரம் இருந்தோம்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். போன் செய்தேன். "1,000 கிலோமீட்டர் ஓடட்டும் அண்ணே, பட்டை இளகிடும்" என்றார். சரி என்று தேவையே இல்லாமல் கோல கங்சார் வரைக்கும் போய்ப் போய் வந்தேன், பெட்ரோல்தான் போனது. திரும்பக் கேட்டதற்கு டயர் காற்று என்றார். குறைத்தேன். கொஞ்சம் தேவலை, ஆனால் குதிப்பு நிற்கவில்லை. அடுத்த தடவை, "பின்னால் மூணு மூட்டை மணல் போட்டு ஓட்டிப் பாருங்க" என்றார். அதையும் செய்தேன்! மணல் மூட்டையோடு ஓட்டினால் குலுக்கல் குறைந்தது. பாரம் இருந்தால்தான் வளையும் பட்டையை, காலியாக ஓடும் வண்டிக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நேரில் போனேன். பையன் வெளியே வந்து "அண்ணன் சாப்பிடப் போயிருக்காரு" என்றான். அவருடைய கார் வாசலில், செருப்பு அறைக் கதவுக்கு முன்னால். ஒரு மணி நேரம் நின்றேன். அதே நாற்காலி அங்கேதான் இருந்தது, உட்காரச் சொல்ல ஆள் இல்லை. மறுபடி போனபோது ஆள் மாட்டினார். "விற்ற சாமான் திரும்ப எடுக்க மாட்டோம், போர்டுல எழுதியிருக்கு பாருங்க" என்றார். சரி, என் பழைய பட்டையையாவது கொடுங்கள், மாட்டிக்கொள்கிறேன் என்றேன். "அது பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு" என்றார். என்னைக் கேட்காமலே! என் வண்டியின் சாமானை விற்ற காசும் அவர் பையில். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. செய்தியைப் படித்ததற்கு இரண்டு நீலக் குறி விழும், பதில் வராது. நேற்றிலிருந்து குறியும் விழுவதில்லை.

இன்று எங்கள் தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் டிராக்டரும் டிரெய்லரும் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைக் கூட்டி வந்தேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரால் பட்டையைச் சுரண்டினார். கறுப்பு பெயிண்ட் உதிர்ந்தது. உள்ளே துரு தின்ற குழிகள். பட்டைகளின் முனை ஒன்றோடொன்று உரசித் தேய்ந்த தடம் பள்ளமாக இருந்தது. புதுப் பட்டையில் அந்தத் தடம் எப்படி வரும்? ஏதோ பார வண்டியில் கிடந்ததைக் கழற்றி, வளைவை மறுபடி அடித்து, பெயிண்ட் பூசிப் போட்டிருக்கிறார்கள். என் பழையதைவிட ஒரு பட்டை கூடுதல், ஒவ்வொன்றும் தடிமன்.

பெரியவர் சொன்ன கணக்கை அப்படியே எழுதுகிறேன். பட்டையின் விறைப்பு தடிமனைப் போல் நேராக ஏறாது, தடிமனை மூன்று முறை பெருக்கிய கணக்கில் ஏறும். 7 மில்லிமீட்டர் என்றால் 7×7×7, அதாவது 343. 9 மில்லிமீட்டர் என்றால் 729. இரண்டே மில்லி கூடினாலும் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல். அதற்கு மேல் ஒரு பட்டையும் கூட. மெத்தென்று வேண்டும் என்று கேட்டவனுக்குக் கொடுத்தது இது.

இன்னும் இருக்கிறது. அச்சையும் பட்டையையும் சேர்த்துப் பிடிக்கிற யு-போல்ட் பழையதையே மாட்டியிருக்கிறார்கள். ஒரு தடவை இறுக்கினால் அது இழுபட்டுவிடும், மறுபடி போட்டால் பிடி நிற்காது, பட்டை மாற்றினால் அதையும் மாற்றியே ஆக வேண்டும் என்றார். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே, பட்டையின் முனையை வண்டிச் சட்டத்தோடு சேர்க்கிற ஷேக்கிள் போல்ட்டை முழுக்க இறுக்கியிருக்கிறார்கள். அதனால் கீழே இறக்கியதும் அந்த இணைப்புக்குள் இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு, மூன்றே வாரத்தில் கிழிந்திருக்கிறது. வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகுதான் அதைக் கடைசி இறுக்கு இறுக்க வேண்டுமாம்.

எனக்கு அடிவயிறு கலங்கியது வேறு ஒன்றில். பின் அச்சுக்கும் பிரேக் வால்வுக்கும் நடுவில் ஒரு கம்பி இருக்கிறது. பாரம் ஏறி பின்பக்கம் இறங்கினால் அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், பின்பக்கம் உயர்ந்தால் குறைக்கும். இவர்கள் இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டு அந்தக் கம்பியைத் தொடவே இல்லை. வண்டி எப்போதும் காலி என்று வால்வு எண்ணிக்கொண்டிருக்க, நான் உர மூட்டை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வந்திருக்கிறேன். அம்மாவையும் வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

ஆரம்பத்தில் வண்டி ஏன் அவ்வளவு தூக்கிப் போட்டது என்றால், பின் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து செத்துப்போயிருக்கிறது. டயர் காற்றும் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கிற அளவைவிடப் பத்து அதிகம் வைத்து ஓட்டியிருக்கிறேன். அதை மட்டும் சரி செய்திருந்தால் பாதிக் குலுக்கல் போயிருக்கும் என்றார் பெரியவர். அந்தச் செத்த அப்சார்பர் இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. அப்சார்பர் கடை அது, கண்ணில் படவில்லையாம்! 1,850 வெள்ளி.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், மணி பதினொன்றாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முதலில் அப்சார்பர், காற்று, புஷ் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், பட்டையில் கை வைப்பது அதற்குப் பிறகு. மாட்டும் முன்னால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். கழற்றிய பழைய பட்டையை அன்றைக்கே வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். என்ன தேவைக்கு வாங்குகிறீர்கள் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சொல்லி வாங்கிய தேவைக்குச் சாமான் பொருந்த வேண்டும், 'திரும்ப எடுக்க மாட்டோம்' போர்டு அதைத் தடுக்காது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வேண்டியதில்லை, கட்டணம் 5 வெள்ளி. ரசீது, குரல் பதிவு, இன்று எடுத்த துருவின் படம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

பிக்கப்பை இனி பிரேக் பார்க்காமல் எடுக்க வேண்டாம் என்று பெரியவர் சாவியை என் கையிலிருந்து வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனார். நாளைக் காலை எட்டு மணிக்கு அம்மா ஈப்போவில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மைவி காரைக் கேட்டு வைத்திருக்கிறேன்.