முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்கு பிசியோ வரவழைப்பவர்கள் கவனத்துக்கு

அம்மாவுக்கு வலது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 5ஆம் நாள் வீட்டுக்கு வந்தோம். தினமும் ஆட்டோவில் ஏற்றி இறக்க முடியாதே என்று, வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஓர் இடத்தில் 20 சிட்டிங்குக்கு 12,000 ரூபாய் முன்பணம் கட்டினேன்.

வந்த தம்பி அன்பாகத்தான் பேசினார். முட்டியைச் சுற்றி நான்கு பேடுகளை ஒட்டி மெஷினைப் போட்டுவிட்டு 20 நிமிடம் போன் பார்ப்பார். அப்புறம் பாதத்தை மேலும் கீழும் பத்து தடவை அசைக்கச் சொல்வார். கிளம்பும்போது முட்டிக்கு அடியில் ஒரு தலையணையை மடித்து வைத்து, "இப்படியே வச்சுக்கோங்கம்மா, வலி தெரியாது" என்பார். நிஜமாகவே வலி தெரியவில்லை. "தங்கமான புள்ள, நோகாம பாத்துக்கிறான்" என்று அம்மா அக்கம்பக்கத்திலெல்லாம் சொன்னார். நானும் நம்பினேன்.

6ஆவது வாரம் செக்கப். மருத்துவமனை பிசியோதெரபிஸ்ட் கோனியோமீட்டரை முட்டியோடு சேர்த்துப் பிடித்து அளந்தார். மடக்கினால் 65 டிகிரி. நீட்டினால் முழுசாக நீளவில்லை, 15 டிகிரி குறைகிறது. அம்மா படுத்திருக்கும்போது முட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவே என் கை தாராளமாக நுழைந்தது. நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழவே 90 டிகிரிக்குக் குறையாமல் மடங்க வேண்டுமாம். "தலையணையை யார் அங்கே வைக்கச் சொன்னது?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

மடங்கியபடியே கிடந்தால் முட்டியின் பின்பக்கம் இறுகிப்போய்க் கால் நேராகாது. துண்டைச் சுருட்டி வைப்பதென்றால் குதிகாலுக்கு அடியில்தான் வைக்க வேண்டும். முட்டி அந்தரத்தில் நின்று தன் எடையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக நேராகும். அது வலிக்கும். மெஷின் வலியைச் சற்று மட்டுப்படுத்தலாம், ஆனால் முட்டியை மடக்கித் தராது. உள்ளே தழும்பு இறுகிவிட்டால் மயக்கம் கொடுத்து டாக்டரே மடக்கிவிட வேண்டிவரும். அதையும் பெரும்பாலும் ஆபரேஷன் நடந்து 12 வாரத்துக்குள் செய்யத்தான் பார்ப்பார்கள்.

அந்த இடத்துக்கே போய்ச் சண்டை போட்டேன். அந்தத் தம்பி படித்தது ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. பிசியோதெரபி பட்டப்படிப்பான பிபிடி என்பது இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து நான்கு வருடத்துக்கும் மேலான படிப்பு! மீதியிருந்த இரண்டு சிட்டிங்குக்கான பணத்தைக்கூடத் தரவில்லை. 'ரீஃபண்ட் கிடையாது' என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள்.

தயவுசெய்து முதல் நாளே பட்டப்படிப்புச் சான்றிதழைக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், நான் கூச்சப்பட்டுத்தான் கெட்டேன். "நல்லா வருதும்மா" என்றால் விடாதீர்கள், எத்தனை டிகிரி என்று வாரந்தோறும் அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தான் போன பிறகு நாள் முழுக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்காத ஆளை அடுத்த நாளே மாற்றிவிடுங்கள்.

இப்போது மருத்துவமனை பிசியோவிடமே போகிறோம். அரை மணி நேரம் முன்னால் டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரை. அப்புறம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையோடு தேய்த்துப் பின்னால் இழுக்க வேண்டும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுகிறார். முடிந்ததும் ஐஸ் ஒத்தடம். நோட்டில் போன வாரம் 74, நேற்று 82. மயக்கம் கொடுக்க வேண்டுமா என்பதை டாக்டர் வருகிற வியாழக்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.