‘ஸ்பெஷல் சேல்ஸ்’ காதைக் கிழிக்காமல் இருக்க ஒரு ஹெட்போன்

திருகோணமலைத் திருக்கடலூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் எட்டுக்குப் பத்தடியில் ஓர் அறை இருக்கிறது. முன்பு அம்மா தேங்காய் போட்டு வைத்த அறை. இப்போது அதில் நான் குரல் பதிவு செய்கிறேன். கடைத் திறப்பு விழா, புடவைக் கடை மலிவு விற்பனை, கோயில் திருவிழா, மரண அறிவித்தல் என்று ஓட்டோவின் மேல் ஹோர்ன் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிற குரல்களில் கொஞ்சம் இந்த அறையில் பிறந்தவை. சுவரில் பழைய பஞ்சு மெத்தைகளை வெட்டி அடித்திருக்கிறேன். (முட்டைத் தட்டு ஒட்டினால் போதும் என்று சொல்லுவார்கள். அதனால் பெரிய பயன் இல்லை, காசையும் பசையையும் வீணாக்காதீர்கள்.)

ஒன்பது வருடமாக இந்த அறையில் என் தலையில் இருப்பது சோனி எம்.டி.ஆர். 7506 என்ற ஹெட்போன். கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் மகன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டு வந்து தந்தான். அப்போது அங்கே நூறு டொலரை ஒட்டிய விலை. இத்தனை வருடத்துக்குப் பிறகு அதைப் பற்றி எழுத உட்காருவதற்குக் காரணம், போன கிழமை மட்டும் மூன்று பேர் என்னிடம் “அண்ணை, எந்த ஹெட்போன் வாங்கலாம்?” என்று கேட்டுவிட்டார்கள். மூன்று பேருக்கும் குரல் வேலை. ஒருவர் ஒன்லைனில் பாடம் எடுக்கும் ஆசிரியை, ஒருவர் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி, மற்றவர் கோயில் பஜனைக் குழுவைப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்.

இதற்கு முன் என்னிடம் இருந்தது ஒரு புளூடூத் ஹெட்போன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். காதில் வைத்தால் மெத்தை மாதிரி இருக்கும், எந்தப் பாட்டும் தேன் மாதிரி இறங்கும். அதை வைத்துத்தான் ஒரு சித்திரைப் புத்தாண்டுக்குப் புடவைக் கடை அறிவித்தல் ஒன்று செய்தேன். “புத்தாண்டு ஸ்பெஷல் சேல்ஸ்” என்று ஒரு பெண் குரல். கேட்டுக் கேட்டுத் திருத்தினேன், வழுவழுவென்று இருந்தது. அடுத்த நாள் காலை ஓட்டோ மத்திய வீதியால் திரும்பும்போது நான் கடை வாசலில் நின்றேன். “ஸ்பெஷல்” என்ற சொல் ஹோர்னிலிருந்து வந்ததும் எதிரில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் தோளை உயர்த்திக் காதை மூடினார். “சேல்ஸ்” வந்தபோது இன்னொரு தடவை. கடை முதலாளி கோபப்படவில்லை. “தம்பி, ஆணியால தகரத்தில கீறின மாதிரி இருக்கு” என்று மெதுவாகச் சொன்னார். நான்கு நாள் ஓட வேண்டிய அறிவித்தலை மத்தியானத்தோடு நிறுத்திவிட்டுத் திரும்பச் செய்தேன்.

நடந்தது என்னவென்று பிறகுதான் விளங்கியது. ஸ், ஷ், ச் போன்ற சீறல் ஒலிகளின் பலம் ஏறத்தாழ 3000 முதல் 8000 ஹெர்ட்ஸ் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) வரையுள்ள மேல்பகுதியில் கிடக்கிறது. அந்த ஹெட்போன் கீழ்ப்பகுதியை, அதாவது பேஸை, ஊதிப் பெருப்பித்து மேல்பகுதியை அமுக்கியிருந்தது. பலத்த கீழ் ஒலி மேல் ஒலியை மூடி மறைக்கும், அது காதின் இயல்பு. ஓட்டோ ஹோர்ன் நேர் எதிர். அதில் பேஸ் வரவே வராது, நடுவும் மேலும்தான் முட்டிக்கொண்டு வரும். நான் மறைத்துக் கேட்டதை அது திறந்து போட்டது.

7506ஐ முதல் தடவை போட்டு அதே பழைய பதிவைக் கேட்டேன். “ஸ்பெஷல்” என்ற சொல்லிலேயே கழற்றிவிட்டேன். அவ்வளவு துலக்கம். இந்த ஹெட்போனின் சுபாவமே அதுதான். மேல்பகுதியைக் கொஞ்சம் தூக்கியே காட்டும். வாயில் எச்சில் ஒட்டிப் பிரியும் சின்னச் சத்தம், கொலர் மைக்கில் சால்வைச் சரிகை உரசுவது, பதிவில் இரண்டு துண்டை ஒட்டிய இடத்தில் வரும் ‘டிக்’ எல்லாம் முன்னால் வந்து நிற்கும். ஒரு தடவை பக்கத்து அறை ஃபிரிஜ்ஜின் இரைச்சல், குரலுக்கு அடியில் கம்பளம் விரித்த மாதிரி ஓடியதை இதில்தான் பிடித்தேன். அன்றிலிருந்து பதிவு தொடங்கினால் ஃபிரிஜ் பிளக்கைக் கழற்றி, மறக்காமலிருக்க ஸ்கூட்டிச் சாவியை ஃபிரிஜ்ஜுக்கு மேல் வைத்துவிடுகிறேன்.

இந்த மொடல் 1991இல் வந்தது. அதற்கு முன் 1985இல் வந்த எம்.டி.ஆர். வி6 என்பதன் தம்பி என்று சொல்லலாம். 40 மில்லிமீற்றர் டிரைவர், நியோடிமியம் காந்தம், 63 ஓம்ஸ் (மின்சாரத்துக்கு அது காட்டும் தடையின் அளவு). டிரைவர் என்றால் பெரிய மந்திரம் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, அதில் ஒட்டிய முடி போன்ற செம்புக் கம்பிச் சுருள், பின்னால் காந்தம். சுருளில் மின்சாரம் மாறி மாறி ஓட, சவ்வு முன்னும் பின்னும் அதிர்ந்து காற்றைத் தள்ளும். ஹோர்னுக்குள் இருப்பதும் அடிப்படையில் இதே வித்தைதான். ஓம்ஸ் கணக்கையும் வாங்குமுன் பாருங்கள். 250 ஓம்ஸ் ஸ்டூடியோ ஹெட்போன்கள் விற்கிறார்கள், நல்ல சாமான்கள்தான், ஆனால் போனில் செருகினால் சத்தம் ஈனமாக வரும், அதைத் தூக்கிக் கொடுக்கத் தனி அம்ப் வேண்டும். 63 ஓம்ஸ் போனிலும் சரி, சின்ன ஒலி மிக்ஸரிலும் சரி, சிரமமில்லாமல் ஓடும்.

குரல் வேலைக்குப் பேஸ் ஏன் அவ்வளவு தேவையில்லை என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அப்பாவின் மடியில் கேட்டிருக்கிறேன். தொண்ணூறுகளில் அவரிடம் ஒரு ட்ரான்சிஸ்டர் ரேடியோ இருந்தது. அதோடு ஒற்றைக் காதுக்கு மட்டும் ஒரு செருகி. இரவில் பி.பி.சி. தமிழோசை தொடங்கினால் விளக்கைத் தணித்துவிட்டு அதைக் காதில் வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வெளியே சத்தம் போகக்கூடாத காலம். நான் நச்சரித்தால் ஒரு நிமிடம் என் காதுக்குத் தருவார். சிற்றலை இரைச்சலுக்கு நடுவில் நூல் போல ஒரு குரல் வரும். ஆனால் ஒரு சொல்லும் தவறாது. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும்தான் கடத்தியது, அதை வைத்துக்கொண்டே உலகம் முழுக்கக் கதைத்தார்கள்.

ஹெட்போனே அந்தச் சொல்லைப் பிடிக்கப் பிறந்ததுதான், பாட்டுக்காக அல்ல. அமெரிக்காவில் நதானியேல் பால்ட்வின் என்பவர் 1910இல் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனைக் கடற்படைக்கு அனுப்பினார். கப்பலில் கம்பியில்லாத் தந்தி கேட்பவர்களுக்கு அது பெரிய கொடையாக அமைந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கிழக்குக் கடற்படை தங்கிய துறைமுகம் எங்களுடையது. டொக்யார்ட் வீதியால் போகும்போதெல்லாம், 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பான் விமானங்கள் வந்தபோது உள்ளே காதில் ஹெட்போனோடு எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைப்பேன்.

பாட்டுக்கு அது வந்தது பிந்தித்தான். 1937இல் ஜெர்மனியின் பேயர்டைனமிக், டி.டி. 48 என்று சுருளும் சவ்வும் கொண்ட ஹெட்போனைக் கொண்டு வந்தது. 1958இல் அமெரிக்காவில் ஜோன் கொஸ் என்பவர் ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்கவென்றே ஒன்றை விற்கத் தொடங்கினார். 1979இல் வோக்மன் என்ற சின்னக் கசட் பிளேயர் வந்து அதைத் தெருவுக்குக் கொண்டு போனது. 2016இல் ஐபோன் 7 வயர் செருகும் துளையையே எடுத்துவிட்டது. என்னைக் கேட்டால் குரல் வேலை செய்பவர்களுக்குக் கவலை தந்த மாற்றம் அது. புளூடூத்தில் சத்தம் வந்து சேரக் கொஞ்சம் பிந்தும். பாட்டுக் கேட்கும்போது தெரியாது. மைக்கில் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு பேசினால் நாக்குத் தடுமாறும், தன் சொல்லே பின்னால் வந்து இடிக்கும். அந்த ஆசிரியைக்கு நான் சொன்னது இதுதான்: ரீச்சர், எதை வாங்கினாலும் வயர் உள்ளதை வாங்குங்கள். துளை இல்லாத போனுக்கு ஒரு சின்ன அடப்டர் போதும்.

அடுத்தது, மூடியதா திறந்ததா என்ற கேள்வி. 1968இல் சென்ஹைசர் என்ற ஜெர்மன் கம்பெனி எச்.டி. 414 என்று முதுகு திறந்த ஹெட்போனை விற்பனைக்கு விட்டது. மஞ்சள் பஞ்சு வைத்தது. திறந்த வகையில் காதுக்குக் காற்றுப் படும், சத்தமும் தலைக்குள் அடைபடாமல் வெளியே விரிந்த மாதிரி இருக்கும். எங்கள் வெயிலுக்கு அதுதான் சுகம். இரவில் ஒருவர் தனியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்க நானும் அதையே சொல்லுவேன். ஆனால் பதிவறையில் ஆகாது. பாடுபவர் காதில் ஓடும் சுருதிப் பெட்டிச் சத்தம் வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிடும். பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது. 7506 மூடிய வகை, காதை முழுதாகச் சுற்றி அமரும். ஆலய வீதியில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்றுகூட மைக்கில் என்ன ஏறுகிறது என்று பிரித்துக் கேட்கலாம். கல்யாண வீடியோத் தம்பிக்கு இதுதான் முக்கியம். வெளிச்சத்தத்தை வெல்லவென்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போகத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபலில் கிழமைக்கு 40 மணித்தியாலம். காதை வைத்துப் பிழைப்பவர்கள் இதைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

பேஸ் இல்லையா என்றால், இருக்கிறது. தவிலின் தொப்பிப் பக்கத்தில் கழி விழுவது நன்றாகவே தெரியும். நெஞ்சை அதிரவைக்காது, அவ்வளவுதான். பாட்டுக்கு அதிர வேண்டும் என்பவர்கள் வேறு எடுக்கட்டும். பயணத்துக்கும் இதைச் சொல்ல மாட்டேன். டெலிபோன் வயர் மாதிரிச் சுருள் வயர், இழுத்தால் 3 மீற்றர் வரை வரும். மேசை வேலைக்கு அது அருமை, காலில் சிக்காது. இரவு ரயிலில் கொழும்புக்குப் போகும்போது மடியில் கனமாகக் கிடக்கும். முனையில் 3.5 மில்லிமீற்றர் பின், அதற்கு மேல் 6.3 மில்லிமீற்றர் தடித்த பின்னைத் திருகிப் பூட்டலாம். அந்தத் தடித்த பின், முந்திய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் பெண்கள் இழுத்து இழுத்துச் செருகிய பின்னின் வழி வந்தது. திருகிப் பூட்டுவதால் மிக்ஸரிலிருந்து இழுத்தாலும் தனியே கழன்று உள்ளே நின்றுவிடாது.

வியர்வையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பதிவு நடக்கும்போது ஃபான் போட முடியாது, ஜன்னல் திறந்தால் காகமும் கடலும் உள்ளே வந்துவிடும். ஆவணி மாதத்தில் இருபது நிமிடத்தில் காதோரம் நனைந்துவிடும். மூடிய வகை எதுவானாலும் இதுதான் நிலை. செயற்கைத் தோல் உறையை உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து மெல்ல மெல்லத் தின்னும், கறுப்புத் துகளாக உதிரும். நான் வேலை முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, ஆணியில் மாட்டிவிடுவேன். பைக்குள் போட்டு மூடி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

உறை போனால் ஹெட்போனை எறியத் தேவையில்லை, இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் அது. ஒன்பது வருடத்தில் இரண்டு தடவை மாற்றிவிட்டேன். கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சல் போட்டு வந்தது. பழையதைப் பிடித்து இழுத்தால் கழன்று வரும். கிண்ணத்தைச் சுற்றி ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. புதிய உறையின் ஓரத்தை ஒரு பக்கம் அந்தப் பள்ளத்தில் மாட்டி, தலையணை உறை போடுவது போல இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். கடைசி இரண்டு அங்குலம்தான் அடம்பிடிக்கும். அதற்குத் தேக்கரண்டியின் பிடியை வைத்து மெதுவாக உள்ளே தள்ளுவேன். கூர்மையான எதையும் எடுக்க வேண்டாம், சவ்வு விரல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வேறு கம்பெனித் தடித்த உறைகளும் கிடைக்கின்றன, காதுக்குச் சுகம். ஆனால் டிரைவர் காதிலிருந்து விலகினால் கேட்கும் சத்தமும் மாறும். நான் அளவாகவே போட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழா அறிவித்தலுக்குப் பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று வந்தாள். நல்ல குரல், கணீர் என்று. ஆனால் “வாழ்த்துகிறோம்” என்பது “வாள்த்துகிறோம்” என்று விழுந்தது. எங்கள் ஊரில் பெரியவர்களே அப்படித்தான் சொல்லுகிறோம், அதனால் நான் திருத்தவில்லை. பதிவைக் கேட்டுப் பார் என்று ஹெட்போனை அவள் தலையில் வைத்தேன். பட்டியை ஆகக் குறுக்கியும் தோள்வரை தொங்கியது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்த இடம் வந்ததும் முகம் மாறியது. “மாமா, நான் ழ சொல்லேல்ல” என்றாள். கழற்றாமலே, வயர் மேசைக்கு மேல் இழுபட, மைக்குக்குக் கிட்டப் போய் நாக்கை மடித்து இரண்டு மூன்று தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு பதிவு செய்யச் சொன்னாள். அந்த இரண்டாவதைத்தான் ஓட்டோவுக்குக் கொடுத்தேன்.